ஈர மணலில் இரண்டு பள்ளங்கள்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் ஆபீஸுக்கு எதிர் மனையில் யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் நனைந்த ஆற்று மணல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. ஆபீஸ் சாவி வைத்திருப்பவர் இன்னும் வரவில்லை. அக்காவும் நானும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு மணல் மேல் உட்கார்ந்தோம். பத்து நிமிடம் போயிருக்கும். சாவிக்காரர் வந்தார். எழுந்து, துணியைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

நான் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பள்ளம். அக்கா உட்கார்ந்த இடத்திலும் இரண்டு. முட்டையை அழுத்தி எடுத்தது போல, தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டு.

நாம் உட்காருவது இந்த இரண்டு எலும்பு முனைமேல்தான் என்று அந்த நொடியில் தெரிந்தது. உடனே அடுத்ததும் வந்தது: சைக்கிள் சீட்டில் இந்த இரண்டு முனைக்கும் இடம் இருக்கிறதா?

பையில் அளவு நாடா இருந்தது. குழந்தைகளின் கைச்சுற்றளவு எடுக்கிற நாடா. சிவப்பு, மஞ்சள், பச்சை பட்டை போட்டது. அதுதான் எங்கள் வேலை. ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர்கள் நாங்கள், ஒன்பது பெண்கள். மாதம் ஒரு வாரம், தொங்கு தராசைக் கேரியரில் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்குப் போய், ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளை நிறுத்து எழுத வேண்டும். மற்ற வாரங்களில், எடை குறைந்த குழந்தைகளின் வீட்டுக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். ஆளுக்கொரு லேடீஸ் சைக்கிள் நிறுவனமே கொடுத்திருந்தது. புது மாடல், ஒல்லிச் சீட்டு.

மண்டிபோட்டு அளந்தேன். என்னுடைய பள்ளங்களுக்கு நடுவில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அக்காவுக்குப் பதினாலு.

"இன்னா மே பண்றே, மண்ணுக்குக் கையளவு எடுத்துகினு?" என்றார் அக்கா.

சைக்கிள் சீட்டை அளந்தேன். பார்ப்பதற்கு அகலம். ஆனால் இரண்டு பக்கமும் சரிவு. தட்டையாக இருக்கிற இடம் ஒன்பதுகூட இல்லை.

"எலும்பு ரெண்டும் சரிவுல தொங்குதுக்கா. நடுவுல இருக்கிற சதைதான் நம்மளைத் தூக்கிகினு இருக்குது. இம்மாம் நாளா."

"வாயை மூடு. சார் வர்றாரு."

தொண்ணூற்றொன்பதின் கடைசியில், போன மழைக்காலத்தில் நடந்தது இது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது எனக்கு. எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும், சரி செய்ய வேண்டும் என்று கை பரபரக்கிற வயது. அக்காவுக்கு முப்பத்தெட்டு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன், உறவில்லை. புருஷன் இறந்தவர். பத்தாவது படிக்கிற ஒரு மகள். இந்த வேலைதான் அந்த வீட்டில் அடுப்பு எரிய வைத்தது, மகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேலை உத்தரவின் முதல் வரி.

எனக்கு வலி இருந்தது. தொடையிடுக்கில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரியும். எல்லோருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் ஒருத்தியும் சொன்னதில்லை. எங்கள் ஆபீஸில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே எது வந்தாலும் லீவு லெட்டரில் அதற்குப் பெயர் 'கால் வலி'. மாதாமாதம் தூரமானாலும் கால் வலி, வயிறு இழுத்துப் பிடித்தாலும் கால் வலி, சீட்டுப் புண்ணும் கால் வலி. எங்கள் சூப்பர்வைசர் சார் ஒருமுறை, "இந்த ஆபீஸுல ஒருத்தருக்குக்கூட நல்ல கால் இல்லையாம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

மணல் பார்த்த அன்றைக்கே கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனேன்.

"அண்ணே, சீட்டு மாத்தணும். அகலமா வேணும்."

"அகலமான்னா, எம்மாம்? எருமை குந்துற அளவுக்கா?" பக்கத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "கம்பெனி சீட்டும்மா அது. கலெக்டர் வந்தாலும் அதுலதான் குந்தணும்."

"வலிக்குதுண்ணே."

"எங்க?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. டியூபில் எங்கே ஓட்டை என்று கேட்பது போல. எனக்குத்தான் முகம் எரிந்தது.

"கால்ல" என்றேன்.

"அப்படிச் சொல்லு. கால் வலின்னா சீட்டு எறங்கி இருக்குதுன்னு அர்த்தம்." ஸ்பேனரை எடுத்தார், போல்ட்டைத் தளர்த்தினார், சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றி முறுக்கினார். "இனிமே காலை நல்லா நீட்டி மிதிக்கலாம். பறப்பே போ."

சீட்டு ஏறினால் பெடலுக்கு எட்ட இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட வேண்டும். உரிந்த தோல் சீட்டின் முனையில் அறைபடும். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை இறங்கி உருட்டினேன். நானே ஒரு ஸ்பேனர் வாங்கி மறுநாள் இறக்கிக்கொண்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சைக்கிள் கடைக்காரருக்கு அறிவியல் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். பரப்பு கூட வேண்டுமென்றால் மெத்தென்று இருக்க வேண்டும். திருவண்ணாமலையில் ஆட்டோ சீட்டு தைக்கிற கடையில் வெட்டிப் போட்ட ஸ்பாஞ்சு வாங்கினேன். இரண்டு அடுக்கு வைத்து, ரெக்ஸின் உறை போட்டு, அடியில் எலாஸ்டிக் இழுத்துக் கட்டினேன். எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று.

"மெத்தையில குந்தின மாதிரி இருக்குது மே" என்றார் அக்கா, ஆபீஸ் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு. "என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு மெத்தை போடலை."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரத்தில் வலி ஜாஸ்தியானது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஸ்பாஞ்சில் எலும்பு அமுங்குகிறது; அது அமுங்க அமுங்க நடுவில் இருக்கிற ஸ்பாஞ்சு மேலே பிதுங்கி, எங்கே படக்கூடாதோ அங்கே முட்டுகிறது. பரப்பு கூடியது உண்மை. கூடிய பரப்பெல்லாம் சதை. என் கணக்கில் சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசம் இல்லை.

அக்காவிடம் கேட்டேன். "பரவால்லியா?"

"நல்லாதான் இருக்குது."

அதை நம்பினேன்.

அடுத்த யோசனை ரமணாசிரமம் பக்கத்தில் கிடைத்தது. என் சித்தி வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். பக்கத்து வீட்டு மாடியை வெளிநாட்டுக்காரப் பெண் ஒருத்தி வாடகைக்கு எடுத்திருந்தாள். தினம் காலையில் சைக்கிளில் மலையைச் சுற்றி வருவாள் என்று சித்தி சொல்லியிருந்தாள். கீழே கொடியில் அவள் துணி காய்ந்தது. கருப்பு டவுசர் ஒன்று, தொடை வரைக்கும். உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டிருந்தாள். நடுவில் உள்ளங்கை கனத்துக்கு ஒரு திண்டு.

காம்பவுண்டு சுவரோரம் கிடந்த கல் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். ஆக, வலி எனக்கும் அக்காவுக்கும் மட்டும் இல்லை! இன்னொரு தேசத்தில் இதற்கென்றே ஒரு உடுப்பு தைக்கிறார்கள், கடையில் விற்கிறார்கள், யாரோ வெட்கப்படாமல் போய் வாங்குகிறார்கள். அந்தப் பெண் வெளியே வந்து, என்னைப் பார்த்து, கையை ஆட்டிச் சிரித்தாள். நான் கல்லிலிருந்து குதித்து ஓடிவிட்டேன். நான் மூன்று வருடம் இங்கிலீஷில் படித்தவள். "இது எப்படித் தைத்தது, காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் கொடியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்திருப்பாள். நான் பார்த்ததெல்லாம் திண்டு மட்டும். தையல் எங்கே ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

தேரடித் தெருவிலிருந்து பிரிகிற சந்தில், என் சுடிதாரெல்லாம் தைக்கிற பாய் கடைக்குப் போனேன். ஐம்பது வயது ஆள். கழுத்தில் டேப், காதில் பென்சில்.

"பாய், ஒரு டவுசர் வேணும். சைக்கிள் ஓட்ட. நடுவுல கனமா துணி வெச்சு."

"யாருக்கு?"

"தம்பிக்கு. காலேஜுல சைக்கிள் ரேஸு போறான்."

எனக்குத் தம்பி கிடையாது. பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரேஸா! சொல்லவே இல்லியே. அளவு?"

என் அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அக்காவின் அளவும் அதிலேயே இருந்தது.

"இது?"

"அவன் ஃப்ரெண்டுக்கு."

பாய் சீட்டைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "இடுப்பு இம்மாம், தொடை இம்மாம். இந்தப் புள்ள ரேஸுல ஜெயிக்குமா? இட்லி கடை வெச்சா ஜெயிக்கும்." கடையில் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். "கவலைப்படாதேம்மா. ரேஸுனு சொல்லிட்டே. நடுத்தையலை ரெட்டையாப் போட்டு, உள்ள மடிச்சு அடிச்சுத் தரேன். எத்தினி மைல் மிதிச்சாலும் பிரியாது."

நான்கு நாளில் தந்தார். கெட்டித் துணி. முன்னால் பட்டன் வைத்த திறப்பு. நடுவில் நாலு மடிப்புத் துணி, அதன் மேல் முன்னிருந்து பின் வரை கயிறு போல ஒரு தையல். நல்ல மனதோடு, அக்கறையோடு போட்ட தையல் அது. இப்போது நினைத்தாலும் அதுதான் வலிக்கிறது.

சுடிதாருக்கு உள்ளே போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து ஆபீஸ் வரை போய்ப் பார்த்தேன். நாலு கிலோமீட்டர். நடுவில் உறுத்தியது. புதுத் துணி, கஞ்சி போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அக்காவிடம் கொடுத்தேன்.

"இதை உள்ளபாவாடைக்கு உள்ளயா போட்டுக்கிறது? கருமம். ஆம்பளை டவுசர் மாதிரி பட்டன்லாம் இருக்குது."

"ரேஸுக்காரங்க போடறதுக்கா."

"நான் எங்க மே ரேஸு போறேன்? புள்ளைங்களை நிறுக்கப் போறேன்."

ஆனால் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் எடை வாரம். அக்காவுக்கு ஆறு ஊர், பாதி மண் ரோடு, ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். முதல் நாள் சாயங்காலம் ஆபீஸில் அட்டவணையை ஒப்படைக்க வந்தார். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"நல்லா இருக்குதானக்கா?"

"நல்லா இருக்குது மே."

இரண்டாம் நாளும் கேட்டேன். மூன்றாம் நாளும். அதே கேள்வி, அதே பதில். நாலாம் நாள் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பஞ்சர் என்றார். டயரில் காற்று இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, எடை வாரம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் கடைசி ஊரான ஆறாவதையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினார். ஆறாம் நாள் வரவில்லை. லீவு லெட்டர் வந்தது, பக்கத்து ஊர்க் களப்பணியாளர் கையில். கால் வலி என்று எழுதியிருந்தது.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஏரிக்கரையோரம் அக்கா வீடு. மகள் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், முகம் சுவர்ப் பக்கம்.

"இன்னாக்கா ஆச்சு?"

"கால் வலி. நீ ஏன் இவ்ளோ தூரம் வந்தே?"

மகள் முறத்தைக் கீழே வைத்தாள். "கால் வலி இல்லக்கா. குந்த முடியல. ரெண்டு நாளா நின்னுகினேதான் சாப்புடுது. ஜுரம் வேற."

"ஏய். உள்ள போ நீ."

அவள் போகவில்லை. கொடியில் காய்ந்த ஒரு சேலையை விலக்கிக் காட்டினாள். சேலைக்கு அடியில் மறைத்து அந்த டவுசர் தொங்கியது. துவைத்தும் போகாத பழுப்புக் கறை, நடுத்தையல் ஓடிய வழியில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக.

டவுசரைக் கொடியிலிருந்து எடுத்து என் பையில் திணித்தேன். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்தோம். அக்கா உட்கார முடியாமல் என் தோளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை நசுக்கிக்கொண்டு வந்தார்.

திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது பெண் டாக்டர். கட்டி பழுத்து உள்ளே போயிருக்கிறது என்று கீறி எடுத்தார்கள். நான் திரைக்கு வெளியே நின்றேன். ரத்தம் பார்த்ததில் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. "சுகர் இருக்குதுன்னு தெரியுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக. மாத்திரை சில மாதம் சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். ஆபீஸில் தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்பார்கள் என்று பயம்.

"ஆற நாளாவும். ரெண்டு மாசத்துக்குச் சைக்கிளைத் தொடக்கூடாது" என்றார் டாக்டர்.

தினம் கட்டு மாற்ற வேண்டியிருந்தது, வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அக்காவோடு தனியாக இருக்கக் கிடைத்தது. நான் அழுதேன். நான்தான் செய்தேன் என்றேன்.

"சும்மா இரு" என்றார் அக்கா. "நீ குடுத்த டவுசரா புண்ணைக் கொண்டாந்துச்சு? புண்ணு முன்னாலயே இருந்துச்சு. ரெண்டு வருசமா பழைய சேலையை மடிச்சு வெச்சுகினு ஓட்டிகினு இருந்தேன். உன் டவுசரு அதைத் தொறந்துவுட்டுடுச்சு, அவ்ளோதான்."

"ஏங்க்கா சொல்லல? தினம் கேட்டேனே."

"எங்க கேட்டே? 'நல்லா இருக்குதானே'ன்னு கேட்டே. மூஞ்சிய வேற அப்படி வெச்சுகினு. உன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைமாட்டில் இருந்த டாக்டர் சீட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். எங்கள் சூப்பர்வைசர் சார் கெட்டவர் இல்லை. எங்கள் சைக்கிளுக்குப் பஞ்சர் போட அவரே குனிந்து உட்காருவார். லீவு லெட்டரையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார்.

"லெட்டர்ல கால் வலின்னு இருக்குது. டாக்டர் சீட்டுல காலைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லியேம்மா. மேல அனுப்புனா, பொய் லீவுனு எழுதிடுவாங்க. ஏற்கனவே எம்மாம் கால் வலி இந்த ஃபைல்ல." சீட்டில் இங்கிலீஷில் இருந்த நீளமான வார்த்தையின் அடியில் விரலை வைத்தார். "இது எந்த எடம்? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். சைக்கிள் கடைக்காரர் 'எங்க?' என்று கேட்டது போலவே, தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான் கேட்டார். ஜன்னலோரம் மற்றப் பெண்கள் அட்டவணை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை தூக்கவில்லை. அத்தனை பேனாவும் நின்றிருந்தது.

"தெரியலைங்க சார்" என்றேன்.

அவர் சீட்டை மடித்து ஃபைலில் வைத்தார். "அடுத்த மாசக் கூட்டத்துக்கு மேலதிகாரி வர்றாங்க. அதுக்குள்ள இன்னா உடம்புக்குன்னு சரியா ஒரு லெட்டர் வரணும். வரலைன்னா அந்த ஆறு ஊருக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. என்னால நிறுத்த முடியாது."

அதுவரைக்கும் அக்காவின் ஊர்களை நான் பார்க்கிறேன் என்றேன். என்னுடையது ஐந்து, அவருடையது ஆறு. சார் சரி என்றார்.

லெட்டரை நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று, வார்டிலிருந்து வீடு திரும்பியிருந்த அக்காவிடம் போய்க் கேட்டேன். முடியாது என்றார்.

"அந்த ஆபீஸுல அத்தினி பேரும் படிப்பாங்க. நாளைக்கு நான் ஊருக்குள்ள போறப்போ, இவளுக்குத்தான் அங்க புண்ணுன்னு சொல்லுவாங்க. எம் பொண்ணுக்கு ரெண்டு வருசத்துல மாப்பிள்ளை பாக்கணும். வேலை போனாப் போவட்டும்."

"அவ படிப்பு?"

அக்கா பாயில் திரும்பிப் படுத்தார். மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கடலை மில்லில் உரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள், என்னைப் பார்க்காமல்.

அன்றைக்குப் பாய் கடைக்குப் போனேன். அக்காவின் டவுசரைப் பையில் வைத்திருந்தேன்.

"இன்னாம்மா, தம்பி ஜெயிச்சாரா?"

"எனக்குத் தம்பி இல்ல பாய்."

மிதித்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு என்கூட வேலை செய்யற ஒரு அக்காவுக்கு. நடுத்தையல் அறுத்துப் புண்ணாயி ஆஸ்பத்திரியில இருந்தாங்க."

காஜா எடுப்பவர் எழுந்து டீக்குப் போகிற மாதிரி வெளியே போய்விட்டார். பாய் ரொம்ப நேரம் டவுசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறையைப் பார்த்தார், பார்க்காதது போல மடித்தார்.

"தம்பிக்குன்னு சொன்னியேம்மா" என்றார். கோபம் இல்லை. யாரோ செத்த செய்தி கேட்ட குரல். "ஆம்பளை டவுசருக்கு நடுத்தையல்தான் வரும். லேடீஸுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நடுவுல பட்டம் மாதிரி ஒரு துண்டு வெட்டி வெச்சு, தையலை ரெண்டு பக்கமும் தொடைக்குத் தள்ளிவுட்டிருப்பேன். குந்துற எடத்துல நூலே வராது. பைஜாமாவுக்கெல்லாம் அப்படித்தானே. நீ போட்டிருக்கிறியே, நான் தெச்ச சுடிதாரு, அதுல பாரு."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இருந்தது. பட்டம் போலச் சாய்சதுரமாக ஒரு துண்டு. ஒவ்வொரு நாளும் நான் போட்டுக்கொண்டு, அதன் அடியில் அந்த டவுசரைப் போட்டுக்கொண்டு, சுற்றியிருக்கிறேன்.

பாய் இரண்டு புது டவுசர் வெட்டினார். மெல்லிய பனியன் துணி, நாலு மடிப்பு வேண்டாம் இரண்டு போதும் என்று அவரே சொன்னார். முன்பக்கம் திறப்பு இல்லை. வெட்டுவதற்கு முன்னால் முதல் முறையாக என்னிடம் கேட்டார்: "எங்க உறுத்துது, எங்க உறுத்தலை, வாயால சொல்லு. வெக்கப்பட்டா துணிதான் வீணு." சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான், ஆனால் சொன்னேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டே பென்சிலால் குறித்துக்கொண்டார்.

சீட்டுக்கு, பழைய இரும்புக் கடையில் தேடி, அந்தக் காலத்துத் தோல் சீட்டு ஒன்று எடுத்தேன். தட்டையான இடம் பதினைந்து சென்டிமீட்டர். ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்துவிட்டு, கம்பளியை மூன்றாக மடித்து இறுக்கி, நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டுக் கட்டினேன். இந்த முறை நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு யாருக்கும் கொடுக்கவில்லை. என் ஊர்களை முன்கூட்டியே முடித்துவிட்டு, அடுத்த எடை வாரம் ஐந்து நாளும் அக்காவின் ஆறு ஊரையும் நானே ஓட்டினேன். மண் ரோட்டில், தராசைக் கட்டிக்கொண்டு. இரண்டாம் நாள் இடது பக்கம் சிவந்தது. பாயிடம் போய்ச் சொன்னேன், ஒரு தையலை இன்னும் அரை அங்குலம் தள்ளினார். ஐந்தாம் நாள் சிவப்பு இல்லை. வலி இல்லையென்று எழுத முடியாது. கம்மி. என்னுடைய ஆறாத பழைய புண் ஒன்று இருக்கிறது. அதை நேற்று அதே டாக்டரிடம் காட்டினேன். என் பெயரில் சீட்டு எழுதித் தந்தார், அதே நீள வார்த்தையோடு.

அக்காவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். இன்னும் மணையில் ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறார். புது டவுசரைக் கொடுத்தபோது வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

திங்கட்கிழமை மாதக் கூட்டம். அக்காவின் உடம்பைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. என்னுடையதைப் பற்றி எழுதிவிட்டேன். எந்த இடம், எதனால், எத்தனை நாளாக என்று தமிழில், ஒரு பக்கத்துக்கு. நாங்கள் ஒன்பது பேரும் இதுவரை எழுதிய கால் வலிகளில் முக்கால்வாசி இதுதான் என்றும், வேண்டுமானால் லீவு ஃபைலை மேஜை மேல் பிரித்து வையுங்கள், அக்காவின் லெட்டரும் அதில் ஒன்று, பொய்யென்றால் எல்லாமே பொய் என்றும் எழுதியிருக்கிறேன். மற்ற ஏழு பேரில் யாராவது ஆமாம் என்பார்களா தெரியாது. ஒருத்தியிடம் மட்டும் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வந்து, "பாய் கடை எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

எதிர் மனையில் வீடு சுவர் எழும்பிவிட்டது, ஆனால் மணல் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. ஒரு பெரிய தாம்பாளம் நிறைய அள்ளித் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, எங்கள் வீட்டு மூலையில் வைத்திருக்கிறேன். கேரியரில் தராசுக்குப் பதில் அதைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், நாலு கிலோமீட்டர், சிந்தாமல். கூட்டத்தில் அறையின் நடுவில் வைத்து, கைச்சுற்றளவு நாடாவைப் பக்கத்தில் போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் முதலில் நான் உட்காருவேன். பிறகு எழுந்து, அடுத்தது யார் என்று கேட்பேன்.